மூன்று கணினிக்கு மூன்று பில்ட் கோப்பு எதற்கு?

கேள்வி: வணக்கம். நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது நண்பர்கள் இருவரோடு சேர்ந்து சி++ மொழியில் பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளக் கூடிய ஒரு சின்ன லைப்ரரி எழுதினேன். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். பழைய டிஸ்கி, டேப் குறியீட்டில் இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும். இப்போது எங்களுக்குத் தெரியாத பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். சிக்கல் நிரலில் இல்லை, பில்டில், அதாவது நிரலைக் கணினியில் ஓடும் வடிவத்துக்குக் கட்டும் வேலையில். லினக்ஸுக்கு ஒரு மேக்ஃபைல், விண்டோஸுக்கு விஷுவல் ஸ்டூடியோ கோப்பு, ஆப்பிளுக்கு எக்ஸ்கோடு கோப்பு என்று மூன்று வைத்திருக்கிறோம். நடுவில் ஒருவர், பில்ட் கோப்புகளைத் தானே உண்டாக்கும் சிமேக் என்ற கருவிக்கும் ஒரு கோப்பு எழுதிக் கொடுத்தார். ஆப்பிள் கணினி வைத்திருந்த நண்பர் வேலை கிடைத்து மெல்பர்ன் போய்விட்டார். சென்ற மாதம் தேசிய சேவைப் பயிற்சிக்காக இரண்டு வாரம் முகாமில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் ஏழு புகார்கள். ஏழும் 'பில்ட் ஆகவில்லை' என்பதுதான். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? மீசான் என்று இதே போன்ற இன்னொரு கருவியும் இருக்கிறது. சிமேக்கா, மீசானா? ஒரு பழைய ஆப்பிள் கணினி வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். நிரலை உலாவியில் ஓட்ட உதவும் வெப்அசெம்பிளிக்கும் பில்ட் ஆக வேண்டும் என்று ஒருவர் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பியிருக்கிறார். அதை ஏற்கலாமா?

தம்பிக்கு வணக்கம்.

புகார்கள் ஏழையும் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அது நல்லதாகப் போயிற்று. இருபது வருடத்துக்கு மேலாக, பிறர் எழுதிய நிரலைப் பல கணினிகளில் பில்ட் ஆகச் செய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உங்கள் லைப்ரரி நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு பேர் மெனக்கெட்டு உட்கார்ந்து புகார் எழுதியிருக்கிறார்கள் என்றால் ஏழு பேருக்கு அது தேவைப்படுகிறது. தேவைப்படாதவர்கள் சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

'சிக்கல் நிரலில் இல்லை, பில்டில்' என்ற ஒரு வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பில்ட் கோப்பும் நிரல்தான். உங்கள் லைப்ரரியை இறக்கிக்கொள்பவர் முதன்முதலில் ஓட்டுவது அதைத்தான். அங்கேயே தடுக்கி விழுந்தவர், நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய எழுத்துப் பிரிப்பைக் கண்ணால் காணப் போவதில்லை. ஒரே செயலை மூன்று இடத்தில் மூன்று விதமாக யாராவது நிரலில் எழுதியிருந்தால் நீங்கள் விட்டிருக்கமாட்டீர்கள். பில்டிலும் விடாதீர்கள்.

சரி, புகார்களுக்கு வருவோம். மூன்று பேர் விண்டோஸ்காரர்கள். மூவருக்கும், நிரல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் லிங்கர் ஒரே பிழையைக் காட்டியிருக்கிறது: டிஸ்கி மாற்றியில் ஒரு ஃபங்ஷன் கிடைக்கவில்லை. கமிட் வரலாற்றை, அதாவது நீங்கள் செய்த மாற்றங்களின் பதிவை, புரட்டிப் பார்த்தேன். மாற்றியை இரண்டு கோப்பாகப் பிரித்திருக்கிறீர்கள், நல்ல காரியம். புதிய கோப்பின் பெயர் மேக்ஃபைலில் ஏறிவிட்டது, விஷுவல் ஸ்டூடியோ கோப்பில் ஏறவில்லை. எக்ஸ்கோடு கோப்பிலும் ஏறவில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை, கவனித்தீர்களா? உங்கள் எக்ஸ்கோடு கோப்பை இப்போது யாரும் தொடுவதே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டு பேர் புதிய சிமேக் வைத்திருப்பவர்கள். அந்த அன்பர் எழுதிக் கொடுத்த கோப்பின் முதல் வரி, குறைந்தபட்சம் சிமேக் 2.8 போதும் என்கிறது. 2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, 3.5-க்கு முந்தைய பதிப்புகளுக்காக வைத்திருந்த ஒத்திசைவை நீக்கிவிட்டது. அதனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே நின்றுவிடுகிறது. உங்கள் நிரல் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் பில்ட் உடைந்துவிட்டது. நீங்கள் சும்மா இருந்தாலும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரும் மற்றக் கருவிகளும் சும்மா இருப்பதில்லை. முகாமில் இருந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆறாவது புகார் ஒரு லினக்ஸ்காரருடையது. எடுத்துக்காட்டு நிரலில் ஒரு ஹெடரின் (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று அறிவிக்கும் கோப்பின்) பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, கோப்பின் பெயரோ சிறிய எழுத்தில் இருக்கிறது. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆப்பிளிலும் வழக்கமான அமைப்பில் ஒன்றுதான். லினக்ஸுக்கு வேறு வேறு. லினக்ஸில் வேலை செய்யும் உங்களுக்கு இது கண்ணில் படாததற்குக் காரணம், உங்கள் மேக்ஃபைல் எடுத்துக்காட்டுகளைப் பில்ட் செய்வதே இல்லை. புதிதாக வருபவர் முதலில் தொடுவது எடுத்துக்காட்டைத்தான்.

ஏழாவதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரில்தான் இப்படி ஒரு புகார் வரும். எழுதியவர் சீன மொழி அமைப்பில் விண்டோஸ் வைத்திருக்கிறார். தமிழ் எழுத்துகள் இருக்கும் கோப்பைக் கம்பைல் செய்தால் முதலில் சி4819 என்ற எச்சரிக்கை, அடுத்து மேற்கோள் குறி மூடப்படவில்லை என்று பிழை. கோப்பைத் திறந்து பார்த்தால் மேற்கோள் குறி ஒழுங்காகத்தான் இருக்கிறது. பாவம், அவர் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாரோ.

நடப்பது இதுதான். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட். 'அ' என்பது மூன்று பைட், 'கி' என்றால் 'க'வுக்கு மூன்றும் கொக்கிக்கு மூன்றுமாக ஆறு. கோப்பின் தலையில், குறியீடு எது என்று சொல்லும் அடையாளக்குறி இல்லாவிட்டால், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் அதை அந்தக் கணினியின் மொழி அமைப்புப்படி படிக்கும். சீன அமைப்பு எழுத்துகளை இரண்டிரண்டு பைட்டாகப் பிடிக்கப் பார்க்கும். மூன்றை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சுமல்லவா? அந்த மிச்சம் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு எல்லாம் கலைந்துபோகும். உங்கள் நண்பரின் ஆங்கில விண்டோஸில் ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்தாகப் படிக்கப்பட்டு அப்படியே வெளியே வந்துவிடும், அதனால் சாதாரணச் சரங்கள் (நிரலில் மேற்கோள் குறிக்குள் எழுதும் உரைகள்) தற்செயலாகச் சரியாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் கூடுதல் இடம் தரும் அகன்ற எழுத்துச் சரத்தில் 'அ' என்று எழுதி நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், ஒன்று என்று வர வேண்டிய இடத்தில் மூன்று என்று வரும்.

இதற்கு மருந்து ஒரே ஒரு தெரிவு. மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு 'யுடிஎஃப்-8' என்ற தெரிவைக் கொடுத்துவிட்டால் எந்த மொழி விண்டோஸாக இருந்தாலும் கோப்பை ஒரே மாதிரி படிக்கும். தமிழுக்காக ஒரு லைப்ரரி எழுதிவிட்டு இந்த வரியை விட்டுவிடக் கூடாது. ஹெடரிலும் தமிழ் எழுத்துகள் இருந்தால், லைப்ரரியைப் பயன்படுத்துபவருக்கும் அந்தத் தெரிவு போய்ச் சேர வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி: சிமேக்கா, மீசானா?

மேக்ஃபைல் 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் செய்தது. அருமையான கருவி. ஆனால் அதில் நாம் எழுதுவது கட்டளை: இந்தக் கோப்பை இந்தக் கம்பைலரால் இப்படிக் கம்பைல் செய், அப்புறம் இப்படிச் சேர். கணினி மாறினால் கட்டளையும் மாறும். அதனால்தான் உங்களிடம் மூன்று கோப்பு சேர்ந்துவிட்டது. சிமேக் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கிட்வேர் நிறுவனத்தில் பிறந்தது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் ஆதரவில் மருத்துவப் படங்களுக்கான ஒரு லைப்ரரி எழுதினார்கள். ஆய்வாளர்கள் ஆளுக்கொரு வகைக் கணினி வைத்திருந்தார்கள், எல்லாவற்றிலும் அது பில்ட் ஆக வேண்டியிருந்தது. உங்கள் தலைவலிதான் அவர்களுக்கும். இதில் நாம் எழுத வேண்டியது லைப்ரரி எப்படிப்பட்டது என்ற விவரம் மட்டுமே: இதன் பெயர் இது, இந்தக் கோப்புகளால் ஆனது, சி++17 வேண்டும், ஹெடர்கள் இங்கே இருக்கின்றன. அதை வைத்து மேக்ஃபைலோ, நிஞ்சா என்ற இன்னொரு பில்ட் கருவியின் கோப்போ, விஷுவல் ஸ்டூடியோ கோப்போ, எக்ஸ்கோடு கோப்போ அதுவே உண்டாக்கிக்கொள்ளும்.

மீசானும் அதே வழிதான். உண்மையைச் சொன்னால் படிக்க மீசான் மொழிதான் அழகு. சிஸ்டம்டி, மீசா, ஜினோம் போன்ற பெரிய லினக்ஸ் திட்டங்கள் எல்லாம் அதில்தான் பில்ட் ஆகின்றன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம்கூட 16-ஆம் பதிப்பிலிருந்து அதைச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் லினக்ஸுக்காக ஒரு முழுச் செயலி எழுதுபவராக இருந்தால் யோசிக்காமல் மீசான் என்றிருப்பேன். ஆனால் நீங்கள் எழுதுவது லைப்ரரி. அதை எடுத்துத் தன் திட்டத்தில் சேர்ப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விஷுவல் ஸ்டூடியோ சிமேக் திட்டத்தை நேரடியாகத் திறக்கிறது. ஆண்ட்ராய்டின் சி++ கருவிகள் சிமேக்கோடு ஒத்துப்போகின்றன. விசிபேக்கேஜ், கோனன் போன்ற, லைப்ரரிகளை இறக்கித் தரும் பொதி மேலாளர்களுக்கு அது நன்றாகப் பழகியது. வெப்அசெம்பிளிக்கான எம்ஸ்கிரிப்டனும் அதற்கு வழி வைத்திருக்கிறது. உங்களுக்கு என் பதில் சிமேக்.

ஆனால் அந்த அன்பர் கொடுத்த கோப்பை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், நன்றி சொல்லுங்கள். ஆனால் அது பழைய காலத்து முறை. 'விண்டோஸா? ஆப்பிளா?' என்று கேட்கும் இடங்கள் பதினான்கு இருக்கின்றன. கம்பைலர் தெரிவுகளை எல்லாம் பொதுவான ஒரு மாறியில் கொட்டியிருக்கிறார். அப்படிச் செய்தால் உங்கள் லைப்ரரியைத் தன் திட்டத்துக்குள் சேர்ப்பவரின் மற்ற நிரல்களுக்கும் அந்தத் தெரிவுகள் பரவும். எச்சரிக்கை வந்தாலே பிழையாக எடுத்துக்கொள் என்ற தெரிவையும் எல்லோருக்கும் போட்டிருக்கிறார். உங்கள் கணினியில் அது நல்ல ஒழுக்கம்தான். ஆனால் அடுத்த வருடக் கம்பைலர் புதிதாக ஓர் எச்சரிக்கை கற்றுக்கொண்டு வந்தால், யாரோ ஒருவர் வீட்டில் உங்கள் லைப்ரரி பில்ட் ஆகாமல் நிற்கும். அதை உங்கள் சோதனை ஓட்டத்தில் மட்டும் வையுங்கள்.

புதிய கோப்பை முதலிலிருந்து எழுதுங்கள். குறைந்தபட்சப் பதிப்பு 3.22, சோதித்துப் பார்த்த மேல்வரம்பு 4.0 என்று இரண்டையும் முதல் வரியிலேயே கொடுக்கலாம், 3.22 உபுண்டு 22.04-இல் வருவது, அதற்குக் கீழே போக உங்களுக்கு அவசியமில்லை. நிரல் கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதுங்கள். கோப்புறையில் இருப்பதை எல்லாம் அள்ளிக்கொள் என்று எழுத வழி இருக்கிறது. ஆனால் புதுக் கோப்பு வந்தது பில்டுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் சிமேக் ஆவணமே அதைப் பரிந்துரைப்பதில்லை. கையால் எழுதினாலும் இனி ஒரே இடத்தில்தானே எழுதப் போகிறீர்கள்.

அப்புறம், 'டார்கெட்' என்று தொடங்கும் கட்டளைகளை மட்டும் பயன்படுத்துங்கள். அவற்றில் ஒவ்வொரு விவரத்தோடும் ஒரு சொல் சேர்த்து எழுத வேண்டும்: பிரைவேட், பப்ளிக், இன்டர்ஃபேஸ். பிரைவேட் என்றால் லைப்ரரியைக் கட்டும்போது மட்டும். இன்டர்ஃபேஸ் என்றால் பயன்படுத்துபவருக்கு மட்டும். பப்ளிக் என்றால் இருவருக்கும். இந்த மூன்று சொல்லில் ஒன்றைத் தவறாகப் போட்டதால் பட்ட பாட்டைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும்.

பத்து வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு லைப்ரரி இருந்தது. அதன் முக்கியமான கிளாஸ் (தரவையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டிய அமைப்பு) ஒன்றில், வேகத்துக்காக ஒரு தற்காலிகச் சேமிப்பு வைத்திருந்தோம். அது வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் செய்யும்போது கொடுக்கும் ஒரு பெயர், முடிவு செய்யும். அந்த மேக்ரோவைப் பில்ட் கோப்பில் பிரைவேட் என்று எழுதியிருந்தோம். எங்கள் சோதனைகளுக்கு மட்டும் அதே மேக்ரோவைத் தனியாகக் கொடுத்திருந்ததால் சோதனை எல்லாம் தேறிப் பச்சை காட்டின. வாடிக்கையாளரின் நிரல் அதே ஹெடரை மேக்ரோ இல்லாமல் படித்தது. அதன் கணக்கில் அந்த கிளாஸ் 40 பைட், லைப்ரரியின் கணக்கில் 56. அவர் 40 பைட் இடம் ஒதுக்கிக் கொடுத்தார், லைப்ரரி 56-க்கும் எழுதியது. லினக்ஸில் அடுத்த 16 பைட்டில் முக்கியமாக எதுவும் இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸில் சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் நிரல் நின்று விழுந்தது. நான்கு பேர் மூன்று நாள் தேடினோம். மூன்றாம் நாள் இரவு ஒருவர் இரண்டு பக்கத்திலும் கிளாஸின் அளவை அச்சிட்டுப் பார்க்கலாம் என்றார். 40, 56 என்று திரையில் வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை. பிரைவேட் என்ற சொல்லைப் பப்ளிக் என்று மாற்றினோம், அவ்வளவுதான் திருத்தம்.

உங்கள் ஹெடரிலும் அப்படி ஒரு மேக்ரோ இருக்கிறது, டேப் அட்டவணையைச் சேர்ப்பதற்காக. ஹெடரில் தெரியும் எதுவும் பப்ளிக். முடிந்தால் அந்த மேக்ரோவை ஹெடரிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இந்த வகைப் பிழையை உள்ளே இருந்து பிடிக்க முடியாது. அதற்காகப் 'பயன்படுத்துபவர் சோதனை' என்று ஒன்று வையுங்கள். லைப்ரரியை ஒரு தற்காலிகக் கோப்புறையில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். அப்புறம் வேறொரு கோப்புறையில் பத்து வரியில் ஒரு குட்டித் திட்டம். அது உங்கள் மூல நிரலைப் பார்க்கவே கூடாது, இன்ஸ்டால் ஆன பிரதியை மட்டும் தேடிக் கண்டுபிடித்து, சேர்த்து, 'கொடி' என்ற சொல்லைப் பிரித்து, இரண்டு எழுத்து என்று சொல்ல வேண்டும். ஹெடர் ஒன்று இன்ஸ்டாலில் விட்டுப் போனால் இது பிடிக்கும். உங்கள் கணினியின் பாதை எங்காவது உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தாலும், அந்தத் தற்காலிகக் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஓட்டினால் பிடிபட்டுவிடும். எனக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

விண்டோஸில் டிஎல்எல் ஆக, அதாவது நிரல் ஓடும்போது சேரும் தனிக் கோப்பாகக் கட்டும்போது, வெளியே தெரிய வேண்டிய ஃபங்ஷன்களை நாமே குறித்துக் காட்ட வேண்டும். லினக்ஸில் குறிக்காமலே எல்லாம் தெரியும். இதனால் லினக்ஸில் எழுதுபவர் குறிக்க மறப்பார், விண்டோஸில் உடையும். லினக்ஸிலும் 'எல்லாவற்றையும் மறை' என்று வைத்துவிடுங்கள். மறந்தால் உங்கள் மேசையிலேயே உடையும். வரி முடிவுக் குறிகளும் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வேறு வேறு. அதற்கு, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஓர் அமைப்புக் கோப்பு போதும், அதை இன்றே போட்டுவிடுங்கள்.

பதினான்கு இடத்தில் இயங்குதளத்தின் பெயரைக் கேட்பதாகச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். பெயரைக் கேட்பதைவிட, வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேட்பது மேல். ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும் கட்டளை சிமேக்கில் இருக்கிறது. கம்பைல் ஆனால் வசதி உண்டு, ஆகாவிட்டால் இல்லை. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2024 மார்ச் மாதம் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள். தொலைவில் இருக்கும் கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார். அதைத் தூண்டிவிடும் பகுதி எங்கே இருந்தது தெரியுமா? பில்ட் கோப்பில். அதுவும் கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் சேர்த்திருந்த ஒரு கோப்பில்.

அதே திட்டத்தின் சிமேக் கோப்பில் இன்னொன்றும் அகப்பட்டது. லினக்ஸின் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் குட்டி நிரலில், ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி. புள்ளி இருப்பதால் அந்த நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகாததால் 'இந்தக் கணினியில் லேண்ட்லாக் இல்லை' என்று பில்ட் முடிவு செய்யும். பிழைச்செய்தி கிடையாது. பாதுகாப்பு இல்லாத பிரதி சத்தமில்லாமல் தயாராகிவிடும். பேட்ச் பார்ப்பவர் கண்ணில் ஒரு புள்ளி எப்படிப் படும்?

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் திட்டத்தைத் தனியாளாகப் பராமரித்தவர் களைத்துப்போயிருந்த நேரத்தில் உதவுகிறேன் என்று வந்தவர் செய்தது அது. நீங்களும் இப்போது ஏறக்குறைய தனியாள், அதனால்தான் சொல்கிறேன். பில்ட் கோப்பில் வரும் மாற்றத்தை நிரலைவிடக் கூர்ந்து படியுங்கள். வசதி இருக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு சோதனையின் விடையையும் பில்டின் முடிவில் அச்சிடச் செய்யுங்கள். சோதனை ஓட்டத்தில், லினக்ஸில் இந்த இந்த வசதி 'உண்டு' என்றுதான் வர வேண்டும், வராவிட்டால் நில் என்று எழுதிவையுங்கள். உங்கள் லைப்ரரிக்கு இரண்டோ மூன்றோ சோதனைதான் தேவைப்படும். படிக்கக் கூடிய அளவு சின்னதாகப் பில்ட் கோப்பை வைத்திருப்பதே பெரிய பாதுகாப்பு.

ஆப்பிள் கணினி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்காக என்றால் வேண்டாம், வெள்ளியை வீணாக்காதீர்கள். உங்கள் லைப்ரரி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் இருக்கிறது. பொதுக் களஞ்சியத்துக்கு லினக்ஸ், விண்டோஸ், ஆப்பிள் மூன்றிலும், கிட்ஹப்பின் கணினிகளிலேயே, சாதாரண சோதனை ஓட்டம் இலவசம். ஒவ்வொன்றிலும் ஸ்டாட்டிக் (நிரலுக்குள்ளேயே சேர்வது), ஷேர்டு (தனிக் கோப்பாக இருப்பது) என்று இரண்டு வகையாக ஓட்டினால் ஆறு ஓட்டம். அதோடு சிமேக் 3.22 வைத்து லினக்ஸில் ஒன்று. ஏழும் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓடட்டும், வாரத்துக்கு ஒரு முறை கமிட் இல்லாமலும் ஓடட்டும். சிமேக் 4.0 வந்த வாரம் இந்த வாராந்தர ஓட்டம் இருந்திருந்தால், இரண்டு பேர் புகார் எழுதுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் கவனம்: பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் இந்த வாராந்தர ஓட்டத்தை நிறுத்திவிடும். நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிளில் ஓட்டம் பச்சையாக இருக்கிறது என்பதற்கும் ஒருவர் ஆப்பிளில் தினமும் பயன்படுத்துகிறார் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை அறிமுகப் பக்கத்தில் அப்படியே எழுதுங்கள். இப்போது அங்கே 'விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள், ஆண்ட்ராய்டு அனைத்திலும் இயங்கும்' என்று இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கடைசியாக எப்போது பில்ட் செய்தீர்கள்? ரஸ்ட் மொழிக்காரர்கள் தளங்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் அடுக்கில் வேலை செய்யும் என்று உறுதி தருகிறார்கள், இரண்டாவதில் பில்ட் ஆகும் என்று மட்டும் உறுதி, மூன்றாவதில் எந்த உறுதியும் இல்லை. பைத்தானில் இன்னும் கறார். ஒரு தளம் மூன்றாம் அடுக்கில் இருக்க வேண்டும் என்றாலே அதற்குப் பொறுப்பாக மையக் குழுவில் ஒருவராவது வேண்டும், இரண்டாம் அடுக்குக்கு இரண்டு பேர். அவ்வளவு பெரிய குழுக்களே ஆளைப் பார்த்துத்தான் வாக்குக் கொடுக்கின்றன. நீங்கள் லினக்ஸையும் விண்டோஸையும் முதல் அடுக்கில் வையுங்கள். ஆப்பிளை 'பில்ட் ஆகிறது, சோதனைகள் ஓடுகின்றன' என்று இரண்டாவதில் வையுங்கள். ஆண்ட்ராய்டை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராது, தெரியும். ஆனால் அதை நம்பி ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து ஏமாந்தவர் மறுபடி உங்கள் பக்கம் வரமாட்டார்.

தூக்கிப் போட்டுவிட்டுத் தொடங்கவா என்றால், இன்றைக்கே தூக்கிப் போட வேண்டாம். பழைய மூன்றும் இருக்கட்டும். பக்கத்தில் புதிய சிமேக் கோப்பை எழுதுங்கள், ஏழு ஓட்டமும் பச்சையாகும் வரை கொண்டுபோங்கள். இரண்டு வழியிலும் லைப்ரரியைக் கட்டி, வெளியே தெரியும் ஃபங்ஷன்களின் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வெளியீட்டில் 'அடுத்த முறை பழைய கோப்புகள் போய்விடும்' என்று அறிவியுங்கள். அடுத்த வெளியீட்டில் மூன்றையும் அழித்துவிடுங்கள். அப்போது தயங்காதீர்கள். பாவம் பார்த்து விட்டுவைத்த பழைய பில்ட் கோப்பு, அடுத்த வருடம் யாரையாவது தவறான வழியில் இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் சொன்ன அளவைப் பார்த்தால் மூன்று நான்கு வார இறுதி வேலைதான்.

இன்னொன்றும் உண்டு. கமிட் செய்யும் உரிமை இப்போது உங்களிடம் மட்டும் இருக்கிறது. அடுத்த வருடமும் முகாமுக்கு அழைப்பு வரும். மெல்பர்ன் நண்பரிடம் ஆப்பிள் வேலை எதையும் சுமத்தாமல், நீங்கள் இல்லாத நாட்களில் பேட்சைப் பார்த்து இணைக்க மட்டும் முடியுமா என்று கேளுங்கள். அவரும் கூட எழுதியவர்தானே, நிரலின் உள்ளும் புறமும் தெரியும். முகம் தெரியாத புதியவரிடம் உரிமையைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

உங்கள் லைப்ரரியில் எனக்குத் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. 1997 மே மாதம் இங்கே சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியபோது, தமிழுக்கு எழுத்துருவுக்கு ஒன்றாகக் குறியீடுகள் இருந்தன. அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த கவிதைகளும் கோவில் விழா மலர்களும் பள்ளி மலர்களும் இன்னும் பல வீடுகளில் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. எங்கள் வீட்டிலேயே அப்பா தட்டச்சு செய்த கோப்புகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, அவற்றில் பாதியை உங்கள் மாற்றிதான் திறந்து கொடுத்தது. இந்த லைப்ரரி இன்னும் இருபது வருடம் பில்ட் ஆக வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக வெப்அசெம்பிளி பேட்ச். ஏற்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். அது அந்தப் பழைய சிமேக் கோப்பின் மேல் எழுதப்பட்டிருக்கிறது, பதினான்கு 'இஃப்'களோடு பதினைந்தாவதைச் சேர்க்கிறது. அனுப்பியவருக்கு இப்படி எழுதிவிடுங்கள்: 'உங்கள் பேட்சுக்கு நன்றி. பில்ட் கோப்பைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் உங்களுக்குச் சொல்கிறோம். அதன் மேல் இதைத் திருத்தி அனுப்பினால், சோதனை ஓட்டத்தில் வெப்அசெம்பிளிக்கு ஓர் இடம் சேர்த்துத் தாருங்கள். மூன்றாம் அடுக்குத் தளமாக, பொறுப்பாளர் என்று உங்கள் பெயரோடு பட்டியலில் சேர்க்கிறோம். ஓட்டம் உடைந்து இரண்டு மாதம் யாரும் கவனிக்காவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம், உங்களுக்கு விருப்பம்தானா?'

அந்தச் சீன விண்டோஸ் அன்பருக்கு மட்டும் காத்திருக்காமல் இன்றே பதில் போட்டுவிடுங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோப்பில் யுடிஎஃப்-8 தெரிவைச் சேர்க்க ஐந்து நிமிடம் ஆகாது. கையோடு விட்டுப்போன டிஸ்கி கோப்பின் பெயரையும் அதில் ஏற்றிவிடுங்கள், மற்ற மூன்று பேருக்கும் விடிவு பிறக்கும். பயன்படுத்துபவர் சோதனை மூன்று தளத்திலும் ஓடியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.